இராம்பூர்க் கத்தியின் கதை

ஓர் ஊரின் பெயர் ஒரு பொருளோடு ஒட்டிக்கொள்வது அவ்வூருக்குப் பெருமை. காஞ்சி என்றால் பட்டு. மொராதாபாத் என்றால் பித்தளைப் பாத்திரம். அந்த மொராதாபாத்துக்கும் பரேலிக்கும் இடையிலுள்ள இராம்பூர் என்றாலோ மடக்குக் கத்தி. வடநாட்டில் வாழும் நம்மவருள் ‘இராம்புரி’ என்ற சொல்லைக் கேளாதவர் அரியர். ஆயினும் அச்சொல் செவியிற் பட்டதும் நம் மனத்தில் எழுவது உலைக்களத்துத் தொழிலாளியின் உருவமன்று; சினிமாப் போக்கிரியின் உருவமே. இது நேர்ந்த விதம் அறியத்தக்கது.

1774-ஆம் ஆண்டில் ரோகிலாப் பட்டாணியர் தலைவர் பைசுல்லா கான் இராம்பூர் சமஸ்தானத்தை நிறுவினார். கல்வியையும் சங்கீதத்தையும் ஆதரித்த நவாபுகளின் அரசு அது. அங்குள்ள ரஜா நூலகத்தின் சுவடிகள் இன்றும் அறிஞர்களை ஈர்க்கின்றன. படைவீரர் நிறைந்த அவ்வூரில் வாளும் கட்டாரியும் வடிக்கும் கொல்லர்களுக்குக் குறைவில்லை. துப்பாக்கி ஓங்கி வாளின் தேவை சுருங்கியபோது, அக்கைத்திறன் மடக்குக் கத்தியில் புகலடைந்தது.

இக்கத்தியின் அலகு பெரும்பாலும் 9 முதல் 12 அங்குலம். பித்தளையாலோ மரத்தாலோ ஆன பிடியில் சித்திர வேலை இருக்கும். வில்லால் இயங்குவது கமானிதார். பொத்தானை அழுத்தினால் விரிவது பட்டன்தார். மடக்கினால் அலகு பிடிக்குள் முழுதும் அடங்க வேண்டும்; விரித்தாலோ அணுவும் ஆடலாகாது. அலகைப் பிடியோடு இணைக்கும் ஆணி இறுகினால் கத்தி விரியாது, தளர்ந்தால் நில்லாது. அந்த நடுநிலையைக் காண்பதே தொழில் நுட்பம்.

1949-இல் சமஸ்தானம் இந்திய யூனியனோடு இணைந்தது. பின்னர் இந்திப் படங்கள் இக்கத்தியை வில்லன்களின் கையில் கொடுத்தன. கத்தியின் கீர்த்தி நாடெங்கும் பரவியது. செய்தவனின் மதிப்போ உயரவில்லை. 1962-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், வீட்டு வேலைக்கும் உழவுக்கும் உரியவை நீங்கலாக, 9 அங்குலத்துக்கு மேற்பட்ட அலகுள்ள கத்திகளை ஆயுத வரிசையில் சேர்த்தன. 1990-களில் உத்தரப் பிரதேச அரசு 4½ அங்குலத்துக்கு மேற்பட்டவற்றைத் தடுத்தது. பொதுமக்களைக் காக்கும் நோக்கத்தைக் குறை கூறுவதற்கில்லை. எனினும், நீண்ட அலகையே பெருமையாகக் கொண்ட தொழில் நலிந்தது. உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. 2023-இல் அந்நகரின் நாற்சந்தியில் சுமார் 20 அடி நீளமுள்ள கத்திச் சிலை ஒன்று எழுந்தது. சிலை ஓங்கி நிற்க, கலை ஒடுங்கி நிற்கிறது.

இக்கதை நமக்கு அயலானதன்று. 1968-இல் வந்த ‘படோசன்’ போன்ற இந்திப் படங்கள் தென்னாட்டானை நகைப்புக்குரியவனாகக் காட்டின. நம் அண்டை வீட்டார் நம்மை அத்திரையைக் கொண்டு மதிப்பிட்டால் நாம் வருந்துவோம் அல்லவா? அங்ஙனமாயின் இராம்பூர்த் தொழிலாளியைத் திரையைக் கொண்டு மதிப்பிட நமக்கு உரிமையில்லை. வந்து வாழும் நாட்டின் கைத்தொழில்களை அவற்றின் உண்மை வரலாற்றோடு அறிந்துகொள்வது, குடிபுகுந்தோர் அந்நாட்டுக்குச் செலுத்தும் மரியாதையாகும்.