பல் இம்ப்ளான்ட்: ஒரு மாத லீவில் முடியுமா? மொத்தம் எத்தனை நாள் ஆகும்? முழு விவரம்!

கீழக்கரை, தேவிபட்டினம், பனைக்குளம் பக்கம் வளைகுடா நாடுகளில் வேலை பார்ப்பவர்கள் அதிகம். வருஷத்துக்கு ஒரு தடவை, 30 அல்லது 45 நாள் லீவில் ஊருக்கு வருவார்கள். விழுந்த பல்லைக் கட்டுவதும் அந்த லீவில் முடிக்க வேண்டிய வேலைகளில் ஒன்றாக இருக்கும்.

ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் மீனவர்களுக்கு வேறு கணக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்த நாட்களில்தான் ஆஸ்பத்திரி பக்கம் போக நேரம் கிடைக்கும்.

இருவரும் டாக்டரிடம் கேட்பது ஒரே கேள்வி: "இம்ப்ளான்ட் வைக்கணும்னா எத்தனை நாள் ஆகும்?"

சுருக்கமான பதில் இதுதான். ஏற்கெனவே பல் எடுத்து ஆறிய இடம், நல்ல எலும்பு, வேறு நோய் இல்லை என்றால் 3 முதல் 6 மாதம். எலும்பு குறைவாக இருந்தால் 9 மாதம் முதல் ஒரு வருஷம்கூட ஆகலாம். ஆனால் நாற்காலியில் உட்கார வேண்டிய நேரம் மொத்தமே சில மணி நேரம்தான். மீதி எல்லாம் எலும்பு ஆறுவதற்கான காத்திருப்பு.

இம்ப்ளான்ட் என்றால் என்ன?

இதில் மூன்று பாகங்கள் உண்டு. தாடை எலும்புக்குள் பதிக்கும் டைட்டானியம் திருகுதான் இம்ப்ளான்ட். அதன் மேல் ஈறு மட்டத்தில் பொருத்துவது அபட்மென்ட் என்ற இணைப்புத் துண்டு. அதற்கும் மேலே வெளியில் தெரியும் பல், கிரவுன். நம்ம ஊரில் கேப் என்று சொல்வது இதைத்தான்.

ஏன் இவ்வளவு காத்திருக்கணும்?

திருகை வைத்த அன்று அது எலும்பில் இறுக்கமாகத்தான் நிற்கும். ஆனால் அது மரத்தில் ஆணி அடித்தது போன்ற பிடிப்பு மட்டுமே. அடுத்த சில வாரங்களில் திருகைச் சுற்றியுள்ள பழைய எலும்பை உடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, அந்த இடத்தில் புது எலும்பை வளர்க்கும். பழைய பிடிப்பு குறைந்து, புதுப் பிடிப்பு முழுசாக வராத இடைக்காலம் ஒன்று உண்டு. பொதுவாக இரண்டாவது வாரத்திலிருந்து நாலாவது வாரம் வரை.

ஆபத்தான கட்டம் இதுதான். வலி போயிருக்கும், வீக்கம் வடிந்திருக்கும். 'எல்லாம் சரியாயிடுச்சு' என்று நினைத்து அந்தப் பக்கம் முறுக்கு கடித்தால் திருகு மிக நுண்ணிய அளவில் அசையும். அசைவு தொடர்ந்தால் எலும்பு ஒட்டாமல் நடுவில் சதைதான் வளரும். அப்படி ஆனால் திருகை எடுத்துவிட்டு, ஆறவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

டைட்டானியத்தோடு எலும்பு ஒட்டிக்கொள்ளும் என்பதை 1950-களில் கண்டறிந்தவர் ஸ்வீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரானெமார்க். முயலின் எலும்பில் பொருத்திய டைட்டானியக் கருவியைக் கழற்ற முடியாமல் போனதிலிருந்துதான் இந்த ஆராய்ச்சி தொடங்கியது. 1965-ல் யோஸ்டா லார்சன் என்ற நோயாளிக்கு முதன்முதலாக இந்த முறையில் பல் வைத்தார். லார்சன் 2006-ல் இறக்கும்வரை, 40 ஆண்டுகளுக்கும் மேலாக அந்த இம்ப்ளான்ட்கள் அவருக்கு உழைத்தன.

பிரானெமார்க் வகுத்த கணக்கு: கீழ்த்தாடைக்கு 3 மாதம், மேல்தாடைக்கு 6 மாதம் காத்திருப்பு. கீழ்த்தாடை எலும்பு கெட்டியானது, மேல்தாடை எலும்பு மென்மையானது என்பதே காரணம். இப்போது இம்ப்ளான்ட்டின் மேற்பரப்பைச் சொரசொரப்பாகச் செய்வதால் எலும்பு வேகமாக ஒட்டுகிறது. அதனால் பலருக்கு இந்தக் காலம் குறைந்திருக்கிறது. ஆனாலும் 2 முதல் 4 மாதம் என்பது சாதாரணம்.

படிப்படியாக எத்தனை நாள்?

1. பரிசோதனை, ஸ்கேன்: ஒன்று அல்லது இரண்டு நாள். எலும்பின் உயரம், அகலம், நரம்பு போகும் இடம் எல்லாம் சிபிசிடி என்ற 3டி ஸ்கேனில் தெரியும். கூடவே ரத்தப் பரிசோதனை, சர்க்கரை அளவு பார்ப்பார்கள்.

2. பல் எடுப்பது: சொத்தைப் பல் இன்னும் வாயில் இருந்தால் அதை எடுக்க வேண்டும். குழி நன்றாக மூடி எலும்பு நிரம்ப 3 முதல் 4 மாதம் ஆகும். சீழ் இல்லாமல், எலும்புச் சுவர் உடையாமல் இருந்தால் பல் எடுத்த அன்றே இம்ப்ளான்ட் வைப்பதும் உண்டு. எல்லோருக்கும் அது பொருந்தாது.

3. எலும்பு சேர்ப்பது: பல் விழுந்து பல வருஷம் ஆனவர்களுக்கு அந்த இடத்து எலும்பு கரைந்து மெலிந்திருக்கும். அங்கே எலும்புத் தூள் வைத்து வளர்க்க 4 முதல் 6 மாதம். மேல் கடைவாய்ப் பகுதியில் சைனஸ் லிஃப்ட் செய்ய வேண்டியிருந்தால் 6 மாதத்துக்கு மேலும் ஆகலாம். தேவைப்படும் எலும்பு கொஞ்சமாக இருந்தால் இம்ப்ளான்ட்டையும் சேர்த்தே வைத்து நேரத்தை மிச்சப்படுத்துவார்கள்.

4. இம்ப்ளான்ட் பதிப்பது: ஒரு பல்லுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம். அந்த இடம் மட்டும் மரத்துப்போக ஊசி போடுவார்கள். வீக்கம் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய் வடியும். 7 முதல் 10 நாளில் தையல் பிரிப்பார்கள்.

5. எலும்பு ஒட்டும் காலம்: கீழே 2 முதல் 3 மாதம், மேலே 3 முதல் 6 மாதம்.

6. ஈறு மூடி: திருகு ஈறுக்கு அடியில் மூடி வைக்கப்பட்டிருந்தால், சின்னதாகத் திறந்து மூடி போடுவார்கள். ஈறு வடிவம் பெற சுமார் 2 வாரம்.

7. அளவெடுத்து கேப் போடுவது: அளவு லேபுக்குப் போய் பல் வர ஒன்று முதல் இரண்டு வாரம்.

ஆக மொத்தம் 5 முதல் 7 தடவை போய்வர வேண்டியிருக்கும். ராமேஸ்வரத்திலிருந்து மதுரைக்குச் சுமார் 170 கிலோமீட்டர். ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் பிழைப்பு போகும். அதனால் எந்தெந்த வேலையை ஒரே வருகையில் சேர்த்து முடிக்கலாம் என்று முதல் நாளே கேட்டு வைப்பது நல்லது. தையல் பிரிப்பது போன்றவற்றை உள்ளூர் பல் மருத்துவரிடமே செய்துகொள்ளலாமா என்றும் கேட்கலாம்.

'மூணே நாளில் ஃபிக்ஸ்டு பல்' விளம்பரம் உண்மையா?

பாதி உண்மை. திருகு வைத்த சில நாட்களிலேயே பல் பொருத்தும் முறை மருத்துவத்தில் இருக்கிறது. முன்பல் என்றால் அழகுக்காக உடனே தற்காலிகப் பல் வைப்பார்கள். ஆனால் அது எதிர்ப் பல்லோடு இடிக்காதபடி செதுக்கப்பட்டிருக்கும், கடிக்கக் கூடாது. பல்லே இல்லாதவர்களுக்கு நாலைந்து இம்ப்ளான்ட்டை ஒன்றாக இணைத்து, ஒரு வரிசைப் பல்லை அன்றே பொருத்துவதும் உண்டு. இம்ப்ளான்ட்கள் ஒன்றுக்கொன்று தாங்கிக்கொள்வதால் அது சாத்தியமாகிறது.

இங்கேயும் எலும்பு ஒட்டுவதற்கு அதே மாதங்கள்தான். அதுவரை மென்மையான சாப்பாடு. முதலில் வைப்பது பெரும்பாலும் தற்காலிகப் பல். நிரந்தரப் பல் 3 முதல் 6 மாதம் கழித்தே வரும். தாடையின் கெட்டியான அடி எலும்பில் நீளத் திருகுகளைப் பதித்து, சில நாளிலேயே பல் கட்டும் பேசல் முறையும் உண்டு. அதில் தேர்ந்த மருத்துவர் வேண்டும், ஒரு திருகில் பிரச்சினை வந்தால் முழு வரிசையையும் பார்க்க வேண்டியிருக்கலாம். எந்த முறையாக இருந்தாலும் 'இது தற்காலிகமா, நிரந்தரமா?' என்று கேட்காமல் சம்மதிக்க வேண்டாம்.

30 நாள் லீவில் வருபவர் எப்படித் திட்டமிடலாம்?

ஒரே லீவில் முழுசாக முடிப்பது பெரும்பாலும் நடக்காது. இரண்டு லீவாகப் பிரித்தால் அவசரமே இல்லை.

முதல் லீவு: ஊருக்கு வந்த முதல் வாரத்திலேயே ஸ்கேன், இம்ப்ளான்ட். சொத்தைப் பல்லை எடுக்க வேண்டியிருந்தால் ஊருக்குக் கிளம்ப மூன்று மாதம் முன்பே அங்கேயே எடுத்துவிட்டால் காலம் மிச்சம். இம்ப்ளான்ட் வைத்த பிறகு குறைந்தது 10 முதல் 14 நாள் ஊரில் இருந்து, தையல் பிரித்து, மறுபரிசோதனை முடித்துவிட்டு விமானம் ஏறலாம். லீவின் கடைசி மூன்று நாளில் வைத்துக்கொண்டு கிளம்புவது வேண்டாம். சீழ் பிடித்தால் பார்க்க டாக்டர் பக்கத்தில் இருக்க மாட்டார்.

இரண்டாவது லீவு: அளவெடுத்து கேப். இரண்டு மூன்று வாரத்தில் முடிந்துவிடும். நடுவில் ஒரு வருஷம் ஆனாலும் சுத்தமாகப் பராமரித்தால் இம்ப்ளான்ட்டுக்குப் பொதுவாகக் கெடுதல் இல்லை. ஆனால் காலி இடத்தைப் பார்த்துப் பக்கத்துப் பற்கள் சாயும். அதைத் தடுக்க, கழற்றி மாட்டும் தற்காலிகப் பல் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

கேப்பை வெளிநாட்டிலேயே போட நினைப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. ஒரு கம்பெனி இம்ப்ளான்ட்டுக்கு இன்னொரு கம்பெனி அபட்மென்ட் பெரும்பாலும் பொருந்தாது. எந்தக் கம்பெனி, எந்த மாடல், விட்டம், நீளம், பேட்ச் எண் என்ற விவரங்கள் உள்ள அட்டை அல்லது ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கி, போனில் போட்டோவும் எடுத்து வைக்க வேண்டும். அது இல்லாமல் ரியாத்திலோ துபாயிலோ உள்ள டாக்டர் தடுமாறத்தான் செய்வார்.

தடைக்காலக் கணக்கு

61 நாளில் மொத்த சிகிச்சையும் முடியாது. ஆனால் கவனம் அதிகம் தேவைப்படும் பகுதியை அதற்குள் முடிக்கலாம். உதாரணத்துக்கு, கீழ்க் கடைவாய்ப் பல்லை ஜனவரி நடுவில் எடுத்தால் ஏப்ரல் நடுவில் குழி ஆறியிருக்கும். ஏப்ரல் 20 வாக்கில் இம்ப்ளான்ட் வைத்தால், பிடிப்பு குறையும் அந்த முதல் மாதம் முழுக்க வீட்டிலேயே கழியும். ஜூன் 15-ல் கடலுக்குப் போகலாம். ஜூலை 20-க்கு மேல் இரண்டு மூன்று தடவை போய் கேப் போட்டுக்கொள்ளலாம்.

மூச்சடக்கிக் கடலுக்குள் இறங்குபவர்களுக்குத் தனி எச்சரிக்கை உண்டு. பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கும் பெண்களும், சங்கு குளிப்பவர்களும் மேல் கடைவாயில் இம்ப்ளான்ட் அல்லது சைனஸ் லிஃப்ட் செய்துகொண்டால், தங்கள் தொழிலை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தண்ணீருக்குள் ஏற்படும் அழுத்தம் சைனஸைப் பாதிக்கும். டாக்டர் சரி என்று சொல்லும்வரை முங்கக் கூடாது. மூக்கைப் பலமாகச் சிந்தவும் கூடாது.

காலத்தை நீட்டிக்கும் விஷயங்கள்

சர்க்கரை: மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 7-க்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. 8-ஐத் தாண்டினால் பல டாக்டர்கள் அதைக் குறைத்துவிட்டு வரச் சொல்வார்கள்.

பீடி, சிகரெட், புகையிலை: புகை பிடிப்பவர்களுக்கு இம்ப்ளான்ட் தோற்கும் வாய்ப்பு சுமார் இரண்டு மடங்கு. குறைந்தது ஒரு வாரம் முன்பும், வைத்த பின் 8 வாரமும் நிறுத்த வேண்டும். வெற்றிலையோடு போடும் புகையிலையும் இதில் சேரும்.

மருந்துகள்: ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் தாங்களாக நிறுத்தக் கூடாது. எலும்புத் தேய்மானத்துக்கு ஊசி அல்லது மாத்திரை எடுப்பவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். அவை தாடை எலும்பு ஆறுவதைப் பாதிக்கலாம்.

வயது மட்டும் தடை இல்லை. 70 வயதிலும் வைக்கலாம். தாடை வளர்ச்சி முடியாத 18 வயதுக்குட்பட்டவர்களுக்குத்தான் பொதுவாக வைப்பதில்லை.

அவ்வளவு நாள் காத்திருக்க முடியாதவங்க என்ன செய்யலாம்?

பக்கத்துப் பற்களைச் செதுக்கி அவற்றின் மேல் கட்டும் பிரிட்ஜ், ஒன்று முதல் இரண்டு வாரத்தில் முடியும். நல்ல பல்லைத் தேய்க்க வேண்டும் என்பதுதான் அதில் குறை. கழற்றி மாட்டும் பல் செட் சில வாரத்தில் கிடைக்கும், செலவும் குறைவு. பிறகு வசதிப்படும்போது இம்ப்ளான்ட்டுக்கு மாறலாம். ஆனால் வருஷக்கணக்கில் தள்ளிப்போட்டால் எலும்பு மேலும் கரையும்.

இராமநாதபுரம் மாவட்டத்தில் 2022 ஜனவரி முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையில் 2023 நவம்பரில் அரசு பல் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. மதுரையில் தனியார் பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. செலவைப் பற்றி யோசிப்பவர்கள் கல்லூரி மருத்துவமனைகளிலும் விசாரித்துப் பார்க்கலாம்.

முதல் நாளே கேட்க வேண்டிய 6 கேள்விகள்

1. என் எலும்பு போதுமா, கூடுதலாகச் சேர்க்கணுமா?
2. மொத்தம் எத்தனை தடவை வரணும், எந்தெந்த மாதம்?
3. நடுவில் தற்காலிகப் பல் கிடைக்குமா?
4. சொல்லும் தொகையில் ஸ்கேன், அபட்மென்ட், கேப் எல்லாம் அடங்குமா?
5. இம்ப்ளான்ட் ஒட்டாமல் போனால் அடுத்து என்ன, அதற்குத் தனிச் செலவா?
6. இம்ப்ளான்ட் விவரம் உள்ள அட்டை எப்போது தருவீர்கள்?

இம்ப்ளான்ட் வைத்த பிறகு வலி குறைவதற்குப் பதில் நாலாவது நாளுக்கு மேல் கூடினாலோ, சீழ், காய்ச்சல், உதடு மரத்துப்போதல், திருகு அசைதல் இருந்தாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

(இது பொதுவான தகவல் மட்டுமே. உங்கள் உடல்நிலைக்கு ஏற்ற சிகிச்சையைப் பல் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.)