செல்லோவும் கண்டிய மேளமும்

வயலின் குடும்பத்தைச் சேர்ந்த செல்லோ, மனிதக் குரலுக்கு மிக அணித்தான ஒலியுடையதென இசையறிஞராற் போற்றப்படுவது. கலைஞன் அமர்ந்து, முழங்கால்களுக்கிடையே அதனை நிறுத்தி, வில்லால் இழைத்து வாசிப்பான். இக்கருவியில் உலகப் புகழீட்டிய இலங்கையர் ரொஹான் டி சேரம் (1939–2024). அவரது வரலாறு பெரும்பாலும் வெற்றிகளின் அடுக்காகவே எடுத்துரைக்கப்படுகின்றது. ஆயின் அதனூடே சமூகவியல் நோக்கில் ஆராயத்தக்க வேறொரு செய்தியும் உண்டு. அது மேளம் பற்றியது.

இங்கிலாந்தின் ஷெவ்வீல்ட் நகரில் இலங்கைப் பெற்றோருக்குப் பிறந்த அவர், பதினொரு வயதிலேயே இத்தாலி சென்று கஸ்பார் கசடோவிடம் பயின்றார். 1955இற் கிடைத்த சுக்கியா விருது, ஜோன் பார்பிரோலியிடமும் புவட்டோ றிக்கோவில் வாழ்ந்த பாப்லோ கசல்ஸிடமும் பயிலும் வாய்ப்பை நல்கியது. கசடோ தாமே கசல்ஸின் மாணாக்கர். ஆகவே ஒரே குருமரபின் இரு தலைமுறையினரிடமும் ரொஹான் பாடங் கேட்டார் எனலாம். 1960இல் நியூயோர்க் கார்னகி மண்டபத்தில் கச்சத்தூரியனின் செல்லோ கொன்சேர்ட்டோவை வாசித்தார். 1972இல் இலண்டனிற் குடியேறி, திரினிற்றி இசைக் கல்லூரியிற் கற்பித்தார். பின்னர் ஆர்டிட்டி நால்வர் குழுவில் இணைந்து, 2005 வரை நவீன இசையமைப்பாளரின் கடினமான ஆக்கங்களை அரங்கேற்றினார்.

இத்தகையவர் கண்டிய மேளத்தையும் முறையாகப் பயின்றவர் என்பது ஊன்றி நோக்கற்பாலது. கெட்டபெர என வழங்கும் அம்மேளம் பெரவா சாதியினர் வழிவழியாகக் கையாண்டுவந்த கருவி. மதிப்புடைய சடங்குகளில் இன்றியமையாததாயினும், அதனை முழக்கியோர் சமூகப் படிநிலையில் தாழ்த்தியே வைக்கப்பட்டனர். உயர்குடியில் வந்த அவருடைய தாயார் மிரியம், கண்டிய நடனம் பயின்று மேடையேறி அத்தடையை முன்னரே மீறியிருந்தார். மகன் மேளத்தைக் கைக்கொண்டது அம்மீறலின் தொடர்ச்சியேயாம்.

இத்தாலிய இசையமைப்பாளர் லூச்சியானோ பேரியோ 2002இல் ரொஹானுக்கென இயற்றிய 'செக்குவென்ஸா 14' இதன் விளைவாகும். கண்டிய மேளத்தின் தாளக்கட்டுகளை ரொஹானிடமிருந்தே பேரியோ அறிந்துகொண்டார். வில் ஓய்ந்திருக்க, விரல்கள் செல்லோவின் மரவுடலைத் தட்டி முழக்கும் பகுதிகள் அதில் உள. நூற்றாண்டுகளாக இழைத்தலுக்கென்றே பேணப்பட்ட கருவி அங்கு மேளமாகின்றது. ஜேர்மனியின் விற்றன் நகரில் அதே ஆண்டு ரொஹானே அதனை அரங்கேற்றினார்.

மேனாட்டு அவையில் அத்தாளம் பெற்ற மதிப்பை, அதனைத் தலைமுறைதோறும் காத்த கைகள் உள்நாட்டிற் பெற்றனவா? இவ்வினா சிங்களச் சமூகத்துக்கு மாத்திரம் உரியதன்று. நெடுங்கேணி முதலிய வன்னிக் கிராமங்களின் கோயிற் சடங்குகளிற் பறையொலி கேட்டு வளர்ந்தோர், பறை வேண்டப்படுவதையும் பறையடிப்போர் வெளியே நிறுத்தப்படுவதையும் ஒருங்கே கண்டவர்கள். பறையின் தாளக்கட்டுகளை அதனை முழக்குவோரிடமே அமர்ந்து கற்கும் முயற்சி எமது பல்கலைக்கழக இசைத்துறைகளில் இனியும் பரவலாக வேண்டியுள்ளது. கசல்ஸிடம் பயின்றவர் மேளத்தையும் பாடமாகவே கொண்டாரென்பதை அத்துறையினர் கருத்திற் கொள்ளலாம்.