சஸ்பென்ஷன் மாற்றியதும் கேபினில் இரைச்சல்: ஸ்பிரிங்கை மட்டும் குறை சொல்லலாமா?

ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ், போலோ ஜிடி டிஎஸ்ஐ, மினி கூப்பர், கை கொஞ்சம் தாராளமாக இருந்தால் பிஎம்டபிள்யூ எம்340ஐ. வார நாளில் ஆபீஸ், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மலைப்பாதை என்று வாழ்கிறவர்கள் இந்தியாவில் தேடிப்பிடித்து வாங்கும் கார்கள் இவை. வாங்கி ஒரு வருடம் ஆனதும் மனசு சஸ்பென்ஷன் பக்கம் போகும். கார் இன்னும் கொஞ்சம் தாழ்ந்து நிற்கணும், வளைவில் சாயக்கூடாது, அவ்வளவுதான் ஆசை.

நல்ல பிராண்டு காயில்ஓவர் கிட் லட்ச ரூபாயைத் தாண்டும். மாட்டிய முதல் வாரம் ஜாலியாகத்தான் இருக்கும். அப்புறம்தான் ஒவ்வொன்றாகக் காதில் விழும். 80 கி.மீ. வேகத்தில் அடங்காத ஒரு ரீங்காரம், வேகத்தடையில் 'டொக்', ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது 'கிரீச்'. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் போன் பேச ஜன்னலை ஏற்றச் சொல்வார். ஜன்னல் ஏற்கெனவே மூடித்தான் இருக்கும்.

கேட்டால் "ஸ்பிரிங் டைட் சார், அப்படித்தான் இருக்கும்" என்று பதில் வரும். இது பாதி உண்மை. உடம்பைக் குலுக்குவது பெரும்பாலும் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும். காதைத் துளைப்பதற்குப் பெரும்பாலும் காரணம், அவற்றோடு சேர்த்துக் கழற்றப்பட்ட ரப்பர். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் செலவு செய்தால், பணம் போன இடம் ஒன்று, வலிக்கும் இடம் வேறொன்று என்று ஆகிவிடும்.

உடம்புக்குக் கேட்பது, காதுக்குக் கேட்பது

சத்தம், அதிர்வு, முரட்டுத்தனம் இந்த மூன்றையும் சேர்த்து கார் பொறியாளர்கள் 'என்விஹெச்' என்பார்கள். எல்லாமே அதிர்வுதான், எவ்வளவு வேகமாக அதிர்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

ஸ்பிரிங்குகளின் மேல் காரின் உடல் மெதுவாக ஏறி இறங்குவது நொடிக்கு 1 முதல் 2 முறை, அதாவது 1 முதல் 2 ஹெர்ட்ஸ். உட்கார்ந்திருக்கும் மனித உடம்புக்கு மேலும் கீழுமான அதிர்வு அதிகம் உறைப்பது ஏறக்குறைய 4 முதல் 8 ஹெர்ட்ஸ் வரை. வயிறு குலுங்குவது, முதுகு வலிப்பது எல்லாம் இந்த எல்லைக்குள். சக்கரம் தனியாகத் துள்ளுவது 10 முதல் 15 ஹெர்ட்ஸ்.

20 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் காதின் ராஜ்ஜியம். சாலையின் சொரசொரப்பு டயர் வழியாக, சஸ்பென்ஷன் வழியாக, இரும்பு வழியாகவே கேபினுக்குள் வருவது பெரும்பாலும் 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே. அதற்கு மேலே உள்ள டயர் சத்தமும் காற்றுச் சத்தமும் காற்று வழியாக, கண்ணாடி, கதவு ரப்பர் வழியாக உள்ளே நுழைகின்றன. டயருக்குள் அடைபட்ட காற்றே 200 ஹெர்ட்ஸைத் தாண்டிய இடத்தில் ஒரு பானையைத் தட்டியது மாதிரி ஒலிக்கும். சில டயர்களின் உட்புறம் ஸ்பாஞ்ச் ஒட்டி வருவது இதை அடக்கத்தான்.

இப்போது விஷயம் புரியும். 2 ஹெர்ட்ஸில் வேலை செய்யும் ஸ்பிரிங்கை மாற்றியதால் மட்டும் 200 ஹெர்ட்ஸில் கேட்கும் இரைச்சல் பெரிதாகக் கூடாது.

மும்பை–புனே சாலையில் ஒரு கணக்கு

அதற்காக ஸ்பிரிங் அப்பாவி என்று சொல்லவில்லை. மும்பை–புனே எக்ஸ்பிரஸ்வே, யமுனா எக்ஸ்பிரஸ்வே மாதிரியான கான்கிரீட் சாலைகளை எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் கான்கிரீட் பலகைகளின் இணைப்புகள் பொதுவாக 4.5 மீட்டருக்கு ஒன்று என்ற கணக்கில் வரும். 100 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு சுமார் 27.8 மீட்டர். வகுத்துப் பார்த்தால் நொடிக்கு 6 இணைப்புகளுக்கு மேல் தாண்டுகிறோம். 6 ஹெர்ட்ஸ்! உடம்புக்கு அதிகம் உறைக்கும் எல்லைக்கு நட்ட நடுவில்.

கம்பெனியில் இருந்து வந்தபடியே, 1.2 ஹெர்ட்ஸ் ஸ்பிரிங்கும் மிதமான ஷாக்கும் உள்ள கார், பாடப்புத்தகத்தில் வரும் எளிய சூத்திரத்தின்படி, அந்த 6 ஹெர்ட்ஸ் அசைவில் சுமார் 13 சதவீதத்தைத்தான் மேலே விடும். ஸ்பிரிங்கை 30 சதவீதம் கடினமாக்கினால்? அதிர்வெண் ஸ்பிரிங்கின் கடினத்தோடு நேராக ஏறாது, அதன் வர்க்கமூலத்தோடுதான் ஏறும். அதனால் 1.2 என்பது 1.37 ஆகும், மேலே வருவது 15 சதவீதம். பெரும்பாலானவர்களால் கண்டுபிடிக்கக்கூட முடியாது.

ரேஸ் டிராக்குக்கு என்று ட்யூன் செய்த கிட் வேறு கதை. ஸ்பிரிங் கிட்டத்தட்ட 2.8 மடங்கு கடினம், அதிர்வெண் 2 ஹெர்ட்ஸ், அதோடு ஷாக்கும் இறுக்கம் என்றால் அதே சாலையில் 36 சதவீதம் உள்ளே வரும். ஏறக்குறைய மூன்று மடங்கு. நிஜ காரில் டயர், சீட், இன்ஜின் எல்லாம் சேர்ந்து எண்கள் மாறும், ஆனால் போக்கு இதுதான்.

இதில் பலர் கவனிக்காத வில்லன் ஷாக் அப்சார்பர். மெதுவான பெரிய அசைவுகளை அடக்க ஷாக் இறுக்கமாக இருப்பது நல்லது. வேகமான சின்ன அசைவுகளில் அது நேர்மாறு: ஷாக் இறுக இறுக, அதிர்வைத் தடுக்க வேண்டிய பொருளே அதைக் கடத்தும் கம்பியாக மாறிவிடும். காயில்ஓவரில் திருகும் குமிழ் இருந்தால் பெரும்பாலானவர்கள் கடைசிப் புள்ளிவரை இறுக்கித்தான் பார்ப்பார்கள். 'ஸ்போர்ட்டி'யாக இருக்கிறதாம். நாலு கிளிக் திரும்ப விட்டால் பாதிப் புகார் போய்விடும், காசும் செலவில்லை.

ரப்பர் என்னும் சைலன்சர்

காரின் லோயர் ஆர்ம், சப்ஃபிரேம், ஸ்ட்ரட்டின் உச்சி என்று சஸ்பென்ஷன் பாடியைத் தொடும் ஒவ்வொரு இடத்திலும் ரப்பர் இருக்கிறது. புஷ், டாப் மவுன்ட் என்று மெக்கானிக் சொல்வது இவற்றைத்தான். சிறியவை, விலையும் குறைவு, ஆனால் காரை வடிவமைக்கும்போது பொறியாளர்கள் மண்டையை உடைத்துக்கொள்வது இவற்றின் மேல்தான். ஒரே புஷ் பக்கவாட்டில் கெட்டியாகவும், முன்பின்னாக இளக்கமாகவும் இருக்கும்படி வார்ப்பார்கள். பக்கவாட்டுக் கெட்டி ஸ்டீயரிங் துல்லியத்துக்கு. முன்பின் இளக்கம், சக்கரம் பள்ளத்தின் விளிம்பில் மோதும்போது ஒரு நூலளவு பின்வாங்கி அடியை விழுங்குவதற்கு.

இதைக் கழற்றிவிட்டு பாலியூரித்தேன் புஷ் போடுவதுதான் மாடிஃபிகேஷன் உலகில் பிரபலமான 'சின்ன' அப்கிரேடு. கார் ரப்பர் புஷ்ஷின் கடினம் பொதுவாக ஷோர் ஏ அளவில் 50 முதல் 65 வரை. பாலி புஷ் 80 முதல் 95 வரை. ஸ்டீயரிங் உண்மையிலேயே கூர்மையாகும், அதை மறுக்க முடியாது. ஆனால் அந்த முன்பின் இளக்கமும் சேர்ந்து போய்விடும். இதுவரை ரப்பரில் செத்துப்போன 50, 100, 200 ஹெர்ட்ஸ் அதிர்வெல்லாம் இப்போது பாடிக்குள் போகும். தரைத் தகடும் கூரைத் தகடும் ஸ்பீக்கர் மாதிரி அதைப் பாட ஆரம்பிக்கும்.

'கிரீச்' சத்தமும் இங்கிருந்துதான். ரப்பர் புஷ் உலோகத்தோடு ஒட்டப்பட்டிருக்கும், ஆர்ம் ஆடும்போது ரப்பர் முறுக்கிக்கொள்ளும். பாலி புஷ் ஒட்டப்படுவதில்லை, உள்ளே இருக்கும் குழாயின் மேல் வழுக்கித் திரும்பும். கிரீஸ் காய்ந்தால், அல்லது மழைக்காலத்தில் சேறு புகுந்தால், கத்தும்.

இதற்கும் அடுத்த படி உலோக பால் ஜாயின்ட். 'பில்லோபால்' டாப் மவுன்ட் என்று பல கிட்களிலேயே சேர்த்துத் தருவார்கள். ரப்பரே இல்லை, இரும்போடு இரும்பு. வேகத்தடையில் கேட்கும் 'டொக்' பல நேரம் இதன் தேய்மானம்தான். கிட் வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வியே "டாப் மவுன்ட் ரப்பரா, பில்லோபாலா?" என்பதுதான் என்பேன்.

தாழ்த்தும்போது கூடவே வரும் சத்தங்கள்

ஸ்பிரிங்கைக் கடினமாக்குவதைவிட காரைத் தாழ்த்துவதுதான் நம் ஊர்ச் சாலைகளில் அதிகம் படுத்தும். சக்கரம் மேலே ஏற 8 செ.மீ. இடம் இருக்கும் காரை 4 செ.மீ. தாழ்த்தினால் பாதி இடம் காலி. இந்திய சாலைக் காங்கிரஸின் விதிப்படியான வேகத்தடையே 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். தெருவில் இருப்பவை விதியைப் படித்தவை அல்ல என்பது எல்லோருக்கும் தெரியும். இடம் தீர்ந்ததும் கார் பம்ப் ஸ்டாப்பின் மேல் உட்கார்ந்துவிடும். அந்த நொடியில் ஸ்பிரிங் எவ்வளவு மென்மையானது என்பதற்கு அர்த்தமே இல்லை.

கார் தாழ்ந்ததும் சக்கரங்களின் கோணமும் மாறும். வீல் அலைன்மென்ட் செய்யாமல் ஓட்டினால் டயர் கட்டைகள் ரம்பப் பல் மாதிரி தேயும். சில ஆயிரம் கி.மீ. கழித்து வரும் ஹம் சத்தத்தை வீல் பேரிங் என்று நினைத்து பேரிங்கை மாற்றிக்கொண்டிருப்பார்கள். பழைய நீளத்திலேயே இருக்கும் ஸ்டெபிலைசர் லிங்க் ராடு கோணம் மாறிக் கடகடப்பதும் சகஜம்.

கம்பெனிகள் என்ன செய்கின்றன?

டிராக்குக்காகவே பிறந்த போர்ஷே 911 ஜிடி3 ஆர்எஸ்ஸில் சஸ்பென்ஷன் இணைப்புகளுக்கு பால் ஜாயின்ட்டுகள்தான். எடை குறைக்க ஒலித்தடுப்புப் பொருளையும் குறைத்திருப்பார்கள். சாலையின் ஜல்லி சக்கர வளைவில் தெறிப்பதுகூடக் கேட்கும். வாங்குகிறவர் தெரிந்தே வாங்குகிறார்.

எதிர்த்திசையில் 2017இல் வந்த பிரெஞ்சு கார் ஆல்பைன் ஏ110. எடை சுமார் 1,100 கிலோ. லேசான கார் என்பதால் மென்மையான ஸ்பிரிங்கே போதும் என்று முடிவெடுத்து, கடைசி சில சென்டிமீட்டரை மட்டும் ஹைட்ராலிக் பம்ப் ஸ்டாப்பிடம் விட்டார்கள். வளைவில் கொஞ்சம் சாயும், ஆனாலும் ஓட்டியவர்கள் கொண்டாடும் ஸ்போர்ட்ஸ் கார். சாய்வைக் கொன்றால்தான் வேகம் என்ற நம்பிக்கைக்கு இதைவிட நல்ல மறுப்பு இல்லை.

நடுவழி, ஷாக்கையே புத்திசாலி ஆக்குவது. காந்தப்புலத்தில் கெட்டியாகும் திரவத்தைக் கொண்ட மேக்னரைடு 2002 மாடல் காடிலாக் செவில்லில் அறிமுகமாகி, அடுத்த ஆண்டே கொர்வெட்டுக்கு வந்தது. சின்ன அதிர்வுக்கு இளகவும், வளைவில் இறுகவும் ஒரே ஷாக்கால் முடியும். கம்பெனியிலேயே இப்படி எலக்ட்ரானிக் ஷாக் உள்ள காரில் சாதாரண காயில்ஓவர் மாட்டுவது, என் பார்வையில், பணம் கொடுத்து ஒரு படி கீழே இறங்குவது.

அப்போ எதை முதலில் மாற்றலாம்?

ஏழெட்டு வருடப் பழைய கார் என்றால், முதலில் எல்லா புஷ்ஷையும் டாப் மவுன்ட்டையும் ஒரிஜினல் ரப்பரிலேயே புதிதாக மாற்றிப் பாருங்கள். வெடித்துப்போன ரப்பரோடு ஓட்டிக்கொண்டு 'கம்பெனி சஸ்பென்ஷன் லூஸ்' என்று முடிவு கட்டியவர்கள் நிறைய பேர். அடுத்தது டயர். இரைச்சலில் டயரின் பங்கு மிகப் பெரியது. ரன்-ஃப்ளாட் டயரின் பக்கச்சுவர் கெட்டியானது, அதே அளவில் சாதாரண டயர் போட்டாலே கார் அமைதியாவதை உணரலாம் (ஸ்டெப்னிக்கோ பஞ்சர் கிட்டுக்கோ வழி செய்துகொண்டு). காற்றழுத்தம் கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் அளவுதானா என்றும் பாருங்கள்.

அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் தரமான ஷாக்கும், 20 முதல் 30 சதவீதம் கடினமான ஸ்பிரிங்கும், 2 செ.மீ. அளவுக்குத் தாழ்வும் போதும். டாப் மவுன்ட் ரப்பராகவே இருக்கட்டும். பாலி புஷ் போட்டே ஆக வேண்டும் என்றால் ஸ்டெபிலைசர் பாரில் போடுங்கள், லாபம் தெரியும், சத்தம் அதிகம் ஏறாது. லோயர் ஆர்மின் பின்பக்கப் புஷ்ஷையும் சப்ஃபிரேம் புஷ்ஷையும் தினசரி ஓட்டும் காரில் தொட வேண்டாம். கதவுக்குள் ஒட்டும் டேம்பிங் ஷீட் தகட்டின் அதிர்வைக் கொஞ்சம் குறைக்கும், ஆனால் வாசலைத் திறந்து வைத்துவிட்டு கொசுவத்தி ஏற்றுவது மாதிரிதான்.

எவ்வளவு கூடியது என்று தெரிய, மாற்றும் முன்பும் பின்பும் ஒரே சாலையில், ஒரே வேகத்தில், ஒரே போனின் டெசிபல் ஆப் வைத்து அளந்து பாருங்கள். ஆப் காட்டும் எண் துல்லியமாக இருக்காது, வித்தியாசம் ஓரளவு சரியாக இருக்கும். 10 டெசிபல் கூடினால் காதுக்கு இரண்டு மடங்கு சத்தம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, ஆர்சியில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்ததில் இருந்து மாறும்படி வாகனத்தை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு கேரள வழக்கில் இதை உறுதி செய்தது. ஆர்சியில் ஸ்பிரிங்கின் கடினம் என்று ஒரு பத்தியே கிடையாது, அதனால் சஸ்பென்ஷன் விஷயத்தில் கொஞ்சம் மங்கலான இடம் இருக்கிறது. ஆனால் அதே ஆண்டு வந்த திருத்தம் 182ஏ பிரிவைச் சேர்த்தது. அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பாகங்களை வாங்கி மாட்டுவதும் இதில் அடக்கம். மாட்டும் முன் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கழற்றிய ஒரிஜினல் ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள், காரை விற்கும் நாளில் வாங்க வருகிறவர் கேட்பார்.