புவிவெப்ப ஆற்றல் ஆய்வுக்கான அரசு ஆதரவு (இந்தியா)

நிலத்தடி வெப்பத்தைத் தேடும் கட்டத்தில் அரசு தரும் பணம், தரவு, உரிமம் ஆகியவை புவிவெப்ப ஆய்வுக்கான ஆதரவு எனப்படும். துளையிட்டுப் பார்க்கும் வரை கீழே வெந்நீர் இருக்கிறதா என்பது உறுதியில்லை. துளையிடும் செலவோ மிக அதிகம். ஆகவே தனியார் முதலீடு முதல் கிணற்றிலேயே தயங்கும். ஐஸ்லாந்து 1967இல் உருவாக்கிய ஆற்றல் நிதியம், கிணறு பொய்த்தால் கடனைத் தள்ளுபடி செய்தது. கென்யாவில் 2008 முதல் ஓர் அரசு நிறுவனமே துளையிட்டு, கிடைக்கும் நீராவியை மின் நிறுவனங்களுக்கு விற்கிறது. இந்தியாவில் அறிக்கைகளுக்குக் கிடைத்த ஆதரவு கிணறுகளுக்குக் கிடைக்கவில்லை.

தாமஸ் ஓல்டாம் தொகுத்த வெந்நீர் ஊற்றுப் பட்டியல் 1882இல் வெளிவந்தது. ஒன்றிய அரசின் வெந்நீர் ஊற்றுக் குழு 1968இல் அறிக்கை தந்தது. 1973 முதல் இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் லடாக்கின் புகா பள்ளத்தாக்கில் துளையிட்டது. அதிகபட்ச ஆழம் சுமார் 385 மீட்டர்தான். இமாச்சலப் பிரதேசத்தின் மணிகரணில் 5 கிலோவாட் சோதனை நிலையம் அமைந்தது. நாடு முழுவதற்கும் 10,600 மெகாவாட் என்ற மதிப்பீடு பல ஆண்டுகளாக மேற்கோள் காட்டப்படுகிறது. அது ஊற்றுகளை வைத்துக் கணித்த எண், கிணறுகளில் அளந்ததல்ல.

2021 பிப்ரவரி 6இல் ஓஎன்ஜிசி, லடாக் நிர்வாகம், லே மலைப்பகுதி மேம்பாட்டு மன்றம் ஆகியவை புகாவில் முதற்கட்டமாக 1 மெகாவாட் நிலையம் அமைக்க ஒப்பந்தமிட்டன. 2022 ஆகஸ்டில் கிணற்று நீர் ஓடையில் கலந்ததால் பணி நின்று, பின்னர் தொடர்ந்தது. தெலங்கானாவின் மணுகூரு அருகே நடந்தது இதைவிடச் சுவையானது: நிலக்கரி தேடித் துளைத்த குழியில் வெந்நீர் பொங்கியது. நிலக்கரி அமைச்சகத்தின் நிதியில் சிங்கரேணி நிறுவனம் அங்கே 20 கிலோவாட் நிலையம் அமைத்தது. துளையிடும் செலவு ஏற்கெனவே நிலக்கரிக் கணக்கில் கழிந்துவிட்டதால் அது எளிதாயிற்று.

2025 செப்டம்பரில் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் அமைச்சகம் தேசியப் புவிவெப்பக் கொள்கையை அறிவித்தது. கைவிடப்பட்ட எண்ணெய்க் கிணறுகளை மறுபயன்பாட்டுக்குக் கொண்டுவருவது, தரவுப் பகிர்வு, மின்சாரம் அல்லாத நேரடி வெப்பப் பயன்பாடு, நில வெப்ப ஏற்றி ஆகியவை அதில் அடங்கும். இவற்றில் எது ஒரு மாவட்டத்துக்குப் பொருந்தும் என்று பார்க்கத் தமிழ்நாட்டின் விருதுநகரை எடுத்துக்கொள்ளலாம். மாநிலத்தின் எண்ணெய்க் கிணறுகள் காவிரிப் படுகையில் உள்ளன, விருதுநகரில் இல்லை.

விருதுநகர் மாவட்டத்தின் அடியில் இருப்பது பழம்பெரும் உருமாறிய பாறை; பந்தல்குடிச் சுண்ணாம்புக்கல்லும் அந்த வகைதான். இளம் எரிமலையோ வெந்நீர் ஊற்றோ இங்கில்லை.  எனவே மின்சாரத்துக்காக இங்கே ஆழத் துளையிட அரசு நிதி கேட்பது வீண்.

நில வெப்ப ஏற்றியின் கதை வேறு. ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே வெப்பத்தில் இருக்கும் மண்ணிலிருந்து அது வெப்பத்தை எடுத்து உயர்த்தித் தருகிறது, ஊற்று தேவையில்லை. சிவகாசி, சாத்தூர் வட்டாரப் பட்டாசு ஆலைகளில் மணியாக உருட்டிய மருந்து முதல் முடித்த வெடி வரை வெயில் மேடையில் காய்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த வேலை முடங்கும். தீயின்றிக் கிடைக்கும் மிதமான வெப்பம் இத்தொழிலுக்குப் பொருந்தக்கூடியது. ஆனால் ஏற்றியின் மோட்டாருக்கு மின்சாரம் வேண்டும். மருந்து இருக்கும் அறைகளிலிருந்து ஏற்றியைத் தள்ளி வைத்து, வெதுவெதுப்பான காற்றை மட்டும் குழாய் வழியே கொண்டுவர வேண்டியிருக்கும். அந்த ஏற்பாட்டுக்கு ஒன்றிய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோ ஒப்புதல் தந்தாலொழிய, எந்த மானியமும் ஆலை வாசலைத் தாண்டாது.