பன்றிக் கிருமியும் பறவை எச்சமும்: வேடந்தாங்கல் சொல்லும் பாடம்

2025 ஜனவரியில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினர் சுடலாம். 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் வந்தால் பிடித்துக் காட்டில் விடணும். 1 கிலோமீட்டருக்குள் சுட அனுமதி இல்லை.

விவசாயிகளுக்கு நஷ்டம் நிஜம்தான். ஆனா இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் கூடவே இன்னொண்ணும் வரும்: “பன்றி நோய் பரப்பும்.” எவ்வளவு உண்மை? சால்மொனெல்லா என்ற ஒரு கிருமியை வைத்துப் பார்ப்போம்.

முதல்ல ஒரு சந்தேகத்தைத் தீர்த்துடலாம். சால்மன் மீனுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. அமெரிக்க வேளாண் துறையில் டேனியல் சால்மன் என்று ஒரு கால்நடை மருத்துவர் இருந்தார். அங்கே பன்றிகளைக் கொத்துக்கொத்தாகச் சாகடித்த ‘பன்றி காலரா’வுக்குக் காரணம் தேடினார்கள். 1885-ல் அவருக்குக் கீழே வேலை பார்த்த தியோபால்டு ஸ்மித், செத்த பன்றிகளிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். குற்றவாளி கிடைச்சாச்சுன்னு எல்லாரும் நம்பினாங்க. 1900-ல் அதுக்கு மேலதிகாரியின் பெயரே வந்தது: சால்மொனெல்லா.

சில வருஷத்திலேயே கதை மாறியது. பன்றி காலராவுக்குக் காரணம் ஒரு வைரஸ். இந்த பாக்டீரியா நோய்ப்பட்ட பன்றியின் உடம்பில் கூடவே இருந்திருக்கு, அவ்வளவுதான். சர்வர் விழுந்தப்போ லாக்ல ஒரு ப்ராசஸ் பெயர் இருந்தது என்பதற்காக அதுதான் காரணம்னு டிக்கெட்டை மூடின மாதிரி.

அதுக்காக சால்மொனெல்லா நல்ல பிள்ளையா? இல்லை. வயிற்றுப்போக்கு, காய்ச்சல், குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் உயிராபத்து வரை போகும். காட்டுப்பன்றியின் குடலில் எந்த அறிகுறியும் இல்லாமல் வாழும். பன்றி சேற்றில் புரளும், மண்ணைக் கிளறும், குட்டையில் கழியும். அதே குட்டையில் மாடு தண்ணி குடிச்சா தொற்றலாம். காட்டுப்பன்றிக் கறியை அரைவேக்காட்டில் சாப்பிட்டால் நமக்கும் வரலாம்.

ஆனா இந்தப் பாதை ஒருவழிப் பாதை இல்லை. வடகிழக்கு ஸ்பெயினில் செய்து 2012-ல் வெளியான ஓர் ஆய்வில், மாடுகளோடு ஒரே நிலத்தைப் பகிர்ந்த காட்டுப்பன்றிகளிடம்தான், மாடு இல்லாத இடத்துப் பன்றிகளை விட சால்மொனெல்லா அதிகமாக இருந்தது. நம்ம ஊர் உதாரணமும் இருக்கு. 2023 ஜனவரியில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் செத்து விழுந்தன. காரணம் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்ற வைரஸ். அது மனிதர்களைத் தொற்றாது. இந்தியாவில் அது முதலில் தெரிய வந்தது 2020-ல், வடகிழக்கின் வளர்ப்புப் பன்றிகளில்.

இப்போ வேடந்தாங்கலுக்கு வருவோம். சென்னையிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர், மதுராந்தகம் பக்கம். நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, நீர்க்காகம், அரிவாள் மூக்கன் என்று ஆயிரக்கணக்கில் வந்து ஏரிக்குள் நிற்கும் மரங்களில் கூடு கட்டும் இடம். காட்டுப் பறவைகளும் சால்மொனெல்லாவைச் சுமக்கக் கூடியவைதான். அவ்வளவு எச்சமும் ஏரியில்தான் விழுது. அந்தத் தண்ணிதான் வயலுக்கும் பாயுது.

ஊர்க்காரங்க என்ன செய்தாங்க? பறவைகளைக் காப்பாத்தினாங்க! எச்சம் கலந்த தண்ணி நெல்லுக்கு உரம் என்று அவங்களுக்குத் தெரியும். 1790-களில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, செங்கல்பட்டுப் பகுதி கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டுப் பாதுகாப்பு ஆணை வாங்கினார்கள். 1858-ல் அதைப் புதுப்பிச்சும் வாங்கினார்கள். 2022-ல் வேடந்தாங்கல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிங்க. அந்தத் தண்ணியில் விளைவது நெல். நெல் சோறாகி வெந்த பிறகுதான் தட்டுக்கு வருது. கொதிக்கிற உலையில் சால்மொனெல்லா நிற்காது.

இதுக்கு நேர்மாறான கதை 2006-ல் அமெரிக்காவில் நடந்தது. பச்சையாகச் சாப்பிட்ட பசலைக்கீரையால் சுமார் 200 பேர் நோய்ப்பட்டார்கள், 3 பேர் இறந்தார்கள். கிருமி, சால்மொனெல்லாவின் உறவுக்கார ஈ.கோலை. கலிபோர்னியாவில் தேடியபோது, கீரை வயல் பக்கத்திலிருந்த ஒரு பண்ணையில் மாட்டுச் சாணம், ஆற்றுத் தண்ணி, காட்டுப்பன்றி மூன்றிலும் அதே கிருமி கிடைத்தது. பன்றி ஒரு கண்ணிதான். சங்கிலி தட்டு வரைக்கும் அறுபடாமல் போனதற்குக் காரணம், கீரை வேகாமல் போனது.

நகரத்துல இருக்கிற நமக்கு இதுல என்ன? டைபாய்டு தெரியும்ல? அதுவும் ஒரு வகை சால்மொனெல்லா தான். ஆனா அது வாழ்வது மனிதர்களிடம் மட்டுமே. பன்றியும் கிடையாது, பறவையும் கிடையாது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி தலைமையில் 2017 முதல் 2020 வரை இந்தியாவில் நடந்த ஆய்வில், வேலூர் உட்பட நகரப் பகுதிக் குழந்தைகளிடம் டைபாய்டு, ஆய்வில் இருந்த கிராமப் பகுதியை விடப் பல மடங்கு அதிகம். சாக்கடையும் குடிநீர்க் குழாயும் கலக்கிற இடம்தான் அதோட காடு.

அதனால காட்டுப்பன்றியைச் சுடலாமா கூடாதா என்பதைப் பயிர்ச்சேதக் கணக்கை வைத்துப் பேசுவோம். நோயைப் பற்றிய பேச்சு வந்தால், கிணற்றுக்கு மேடை இருக்கா, மாட்டுக்கான தண்ணித் தொட்டி தனியா இருக்கா, கறி முழுசா வெந்துச்சா, பச்சையாகச் சாப்பிடும் காய்க்கு எந்தத் தண்ணி பாயுது என்று கேட்போம். ஒரு மிருகத்தைச் சுட்டுவிட்டு இந்தக் கேள்விகளை மூடிட்டா, தியோபால்டு ஸ்மித் காலத்துத் தப்பை நாமும் செய்வோம்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம். அதுவரைக்கும் தண்ணியைக் கொதிக்க வெச்சுக் குடிங்க!