தராசு முள்ளைப் பிடித்த எமன்

நம் எமன் எருமையில் வருவான். ஜெர்மன் ஓவியர் ஆல்ஃபிரட் ரெத்தலின் எமன் குதிரையில் வருகிறான், வாயில் சுருட்டோடு. 1849இல் லைப்சிக்கில் வெளியான ‘இன்னுமொரு மரண நடனம்’ என்ற ஆறு மரவெட்டுப் படங்களுக்கு இந்தத் தொப்பி போட்ட எலும்புக்கூடுதான் நாயகன். முந்தைய ஆண்டு ஜெர்மன் நகரங்களில் மன்னராட்சிக்கு எதிராகப் புரட்சி வெடித்திருந்தது. ரெத்தலுக்கு அது துளியும் பிடிக்கவில்லை.

மூன்றாவது படத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். மதுக்கடை வாசலில் எமன் தராசு பிடிக்கிறான். ஒரு தட்டில் மணிமுடி, மறு தட்டில் களிமண் புகைக்குழாய். இரண்டும் ஒரே எடை! கூட்டம் வாயைப் பிளக்கிறது. ஆனால் அவன் விரல்கள் பிடித்திருப்பது தராசின் முள்ளை. எதை வைத்தாலும் சமமாகத்தானே நிற்கும்? பூந்தமல்லி கடைத்தெருவில் கைத்தராசில் காய் வாங்கிய தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கண் தெரியாத கிழவி ஒருத்தி மட்டும் விலகிப் போகிறாள்.

பிறகு எமன் மக்கள் கையில் வாளைக் கொடுக்கிறான், வீதித் தடுப்பின் மேல் கொடியோடு நிற்கிறான், கடைசியில் பிணங்களுக்கு நடுவே வாகை சூடிக் குதிரையில் போகிறான். கைத்திறன் அபாரம். அரசியல்தான் அரண்மனைப் பக்கம். மக்கள் எதற்காக வீதிக்கு வந்தார்கள் என்று ஆறில் ஒரு படம்கூடக் கேட்கவில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்டவர் ஜெர்மன் ஓவியர் கேத்தே கொல்விட்ஸ். 1893இல் பெர்லினில் ஹவுப்ட்மனின் ‘நெசவாளர்கள்’ நாடகம் பார்த்தார். 1844இல் கூலி போதாமல் சிலேசியக் கைத்தறிக்காரர்கள் கிளர்ந்த கதை. பொதட்டூர்பேட்டைப் பக்கம் தறிச் சத்தத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் கூலித் தகராறு அந்நியமாக இருக்காது. நாடகத்தின் தூண்டுதலில் 1897க்குள் இவரும் ஆறு படங்கள் முடித்தார். முதல் மூன்று கல்லச்சு, மற்றவை செதுக்கச்சு. இரண்டாவது படத்திலேயே எலும்புக் கை, நெசவாளி வீட்டு இருட்டில், ஒரு தாயைத் தொட நீள்கிறது. ஊர்வலமும் கல்வீச்சும் அதற்குப் பிறகுதான். ரெத்தல் கிளர்ச்சியின் தலைவனாக்கிய எமனை இவர் கிளர்ச்சிக்கு முன்பே, பசித்த வீட்டில் காட்டிவிட்டார். எனக்கு இதுதான் நேர்மையான கணக்கு.

1898இல் இந்தப் படங்களுக்காகக் கொல்விட்ஸுக்குத் தங்கப் பதக்கம் தர ஓவியர் மென்சல் உள்ளிட்ட நடுவர்கள் பரிந்துரைத்தார்கள். கைசர் இரண்டாம் வில்லியம் மறுத்துவிட்டார்.

நம் நாட்டில் ஓவியர் சித்தப்ரசாத் 1943 வங்கப் பஞ்சத்தின்போது மிட்னாபூர் கிராமங்களில் நடந்து நடந்து வரைந்தார். அங்கே எலும்புக்கூட்டைக் கற்பனை செய்யத் தேவை இருக்கவில்லை. அந்தப் படங்களோடு வெளியான ‘பசித்த வங்கம்’ நூல் 5,000 பிரதி அச்சானது. ஆங்கில அரசு பறிமுதல் செய்து அழித்தது.