மலை என்னும் பள்ளிக்கூடம்

திண்டுக்கல் சமவெளியில் வாழ்பவர்களுக்கு மலை எப்போதும் கண்ணுக்கு எட்டிய தூரத்திலேயே இருக்கிறது. நகரை ஒட்டித் திண்டு போன்ற பாறைக்குன்று நிற்கிறது. ஒரு புறம் சிறுமலையும் மறுபுறம் பழனி மலைத்தொடரும் சமவெளிக்குக் கரை கட்டினாற்போல் உயர்ந்திருக்கின்றன. இம்மலைகளில் விளையும் வாழையையும் காப்பியையும் நாம் அறிவோம். மலை தரும் கல்வியைப் பற்றி அவ்வளவாக எண்ணுவதில்லை. பிள்ளைகளை மலைக்கு அழைத்துச் சென்று, நடக்கவும் ஏறவும் இடர்களைத் தாங்கவும் பழக்குவதை இன்று கல்வியாளர் வீரதீரக் கல்வி என்கின்றனர். இக்கல்வி நம் நாட்டிற்கு எவ்வாறு வந்தது, யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிட்டாமற் போயிற்று என்பதை இன்றைய உரையில் காண்போம்.

மலை ஏறுதல் நம்மவர்க்குப் புதிதன்று. தைப்பூசக் காலத்தில் காவடி சுமந்து பழனிக்கு நடக்கும் கூட்டத்தில் சிறுவர் சிறுமியரும் நடக்கின்றனர். வெயிலில் நடப்பதும், இருப்பதைப் பகிர்ந்து உண்பதும், தளர்ந்தவருக்காகக் காத்து நிற்பதும் அவ்வழியில் அவர்கள் கற்கும் பாடங்கள். மலையிலேயே வாழும் பளியர், புலையர் போன்றோரின் பிள்ளைகளுக்கோ மலையே முதல் ஆசான். காட்டுக்கிழங்கின் கொடியை அடையாளம் காண்பது, தேன் எடுக்கும் பெரியவரோடு உடன் சென்று பாறை விளிம்பில் கால் ஊன்றும் இடம் அறிவது, மண்ணில் பதிந்த தடம் கண்டு விலங்கின் வரவை உணர்வது ஆகியவற்றை அவர்கள் பார்த்தும் செய்தும் பழகினர். இவற்றுக்குப் பாடநூலும் இல்லை, தேர்வும் இல்லை. ஆதலால் இவற்றைக் கல்வி என்று ஒருவரும் பெயரிட்டழைக்கவில்லை.

பள்ளிக்கூடம் என்ற அமைப்போடு மலைநடை சேர்ந்தது கோடைக்கானலில் ஆகும். 1845-ஆம் ஆண்டு அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் அங்கே முதல் இரு வீடுகளைக் கட்டினர். 1901-இல் மிஷனரிகளின் பிள்ளைகளுக்கென ஹைகிளேர்க் என்னும் பள்ளி தொடங்கப்பட்டது. பெரும்பாலும் அமெரிக்கப் பிள்ளைகளே அங்குப் பயின்றனர். பாடம் முடிந்த நாள்களில் சோலைகளையும் புல்வெளிகளையும் கடந்து நடப்பதும், கூடாரமிட்டு இரவு தங்குவதும் அப்பள்ளியின் வழக்கமாயின. 1970-களில் அது பன்னாட்டுப் பள்ளியாக மாறிற்று. மலைநடை மரபு மட்டும் மாறவில்லை.

அப்பிள்ளைகள் முதன்முதலில் மலைமேல் சென்ற வகையை மாணவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். 1875-இல் புகைவண்டிப் பாதை வந்தபின், இன்று கோடைக்கானல் ரோடு எனப்படும் நிலையத்தில் இறங்குவர். அங்கிருந்து மாட்டு வண்டியில் பெரியகுளம் பக்கத்து மலையடிவாரத்தை அடைவர். அதன்பின் ஏறத்தாழ 12 மைல் செங்குத்தான ஒற்றையடிப் பாதை. மட்டக் குதிரையில் சென்றவர் சிலர். நாற்காலியில் அமர்ந்து, கூலியாட்களின் தோளில் சென்றவர் பலர். பெட்டிகளும் மூட்டைகளும் தலைச்சுமையாகவே ஏறின. மலையின் ஒவ்வொரு வளைவையும் ஊற்றையும் அறிந்திருந்தவர் அச்சுமை தூக்கிகளே. ஆயினும் அவர்கள் பிள்ளைகளுக்கு அப்பள்ளியில் இடம் இல்லை. அவர்கள் அறிவுக்கும் அங்கு மதிப்பெண் இல்லை. 1910-களில் மோட்டார் வண்டிக்கு வழி திறக்கும் வரை இந்நிலையே நீடித்தது.

ஹைகிளேர்க் தோன்றிய அதே 1901-ஆம் ஆண்டில்தான் வங்காளத்தில் இரவீந்திரநாத் தாகூர், விரல்விட்டு எண்ணத்தக்க மாணவர்களோடு சாந்திநிகேதனில் தம் பள்ளியைத் தொடங்கினார். மரநிழலே வகுப்பறையாயிற்று. ஆறு ஆண்டுகள் கழித்து, 1907-இல், இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் சுமார் இருபது சிறுவர்களைக் கூடாரத்தில் தங்க வைத்துச் சாரணர் பயிற்சிக்கு வித்திட்டார். அச்சிறுவருள் செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் கலந்திருந்தனர் என்பது கருதத்தக்கது.

சாரணர் இயக்கம் 1909-இல் பெங்களூருக்கு வந்தது. ஆனால், முதலில் ஐரோப்பியச் சிறுவர்களுக்கே அது உரியதாக இருந்தது. இந்தியச் சிறுவர்களுக்குக் கதவு திறக்கவில்லை. 1916-இல் அன்னி பெசண்ட் அம்மையாரும் அருண்டேலும் சென்னையில் இந்தியச் சிறுவர்களுக்கெனத் தனிச் சாரணர் சங்கம் கண்டனர். 1921-இல் பேடன் பவல் இந்தியாவிற்கு வந்தபோது இணைப்பு முயற்சி நடைபெற்றது. நாடு விடுதலை பெற்றபின், 1950 நவம்பர் 7-ஆம் நாள் பாரத சாரணர் இயக்கம் உருவாயிற்று. கழுத்துத் துணியும் கையில் கோலுமாக நம் ஊர்ப் பள்ளிச் சிறுவர்கள் முகாமுக்குப் புறப்பட்டதற்குப் பின்னால் இவ்வளவு போராட்டம் இருக்கிறது.

நம் திண்டுக்கல் பகுதிக்கு உரிய தனிச் சிறப்பு ஒன்றும் உண்டு. 1947-இல் சிறுமலைச் சாரலையொட்டி டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. இராமச்சந்திரனும் காந்திகிராமத்தை நிறுவினர். இராமச்சந்திரன் சாந்திநிகேதனில் பயின்று, பின்னர்க் காந்தியடிகளின் வழி நின்றவர். கையால் செய்யும் தொழிலின் வழியே அறிவைப் பெற வேண்டும் என்ற ஆதாரக் கல்வி அங்கே வேரூன்றியது. கோடைக்கானல் பிள்ளைகள் இன்பத்திற்காகவும் உடல்வலிமைக்காகவும் நடந்தனர். காந்திகிராமத்து மாணவர்களோ கிராம மக்களை அறியவும் அவர்களுக்குத் தொண்டு செய்யவும் வகுப்பறையை விட்டு வெளியே சென்றனர். மலைக்கல்விக்கு இவ்விரண்டு நோக்கங்களும் வேண்டும் என்பது என் துணிபு.

உலகப் போர்க் காலத்தில் இக்கல்விக்கு வேறொரு காரணமும் சேர்ந்தது. கப்பல்கள் தாக்குண்டு மூழ்கியபோது, உயிர்காக்கும் படகுகளில் முதிய மாலுமிகள் தாக்குப்பிடித்திருக்க, உடல்வலிமை மிக்க இளைஞர்கள் மனம் தளர்ந்து மடிவதைக் கப்பல் நிறுவனத்தார் ஒருவர் கவனித்தார். அவர் லாரன்ஸ் ஹோல்ட். அவர் துணையோடு 1941-இல் கர்ட் ஹான் என்ற கல்வியாளர் வேல்ஸ் நாட்டுக் கடற்கரையில் அவுட்வர்ட் பவுண்ட் பள்ளியைத் தொடங்கினார். இளைஞர்கள் அங்குச் சிறு குழுக்களாகப் பிரிந்து கடலிலும் மலையிலும் பயின்றனர். மலையில் ஒருவன் வழி தவறினால் அனைவரும் தாமதமாவர். ஒருவன் தண்ணீரை வீணாக்கினால் அனைவரும் தாகத்தால் வருந்துவர். செயலின் விளைவு அப்போதே கண்முன் நிற்பதால், ஆசிரியரின் அறிவுரை நுழையாத இடத்திலும் பாடம் நுழைகிறது.

இவ்வரலாற்றில் நான் மிகவும் போற்றும் நிகழ்ச்சி இமயத்தில் நடந்தது. 1935-இல் எவரெஸ்ட் ஆய்வுக் குழு ஒன்றிற்குச் சுமை தூக்க ஓர் இளைஞர் சேர்ந்தார். அவர் பெயர் டென்சிங். 1953 மே 29-ஆம் நாள் அவரும் ஹில்லாரியும் எவரெஸ்ட் சிகரத்தில் கால் பதித்தனர். மறு ஆண்டு நவம்பரில் டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்றப் பயிற்சிக் கழகம் நிறுவப்பட்டபோது, களப் பயிற்சியின் தலைமையை டென்சிங்கிடமே ஒப்படைத்தனர். படித்த இளைஞர்களும் படை அதிகாரிகளும் அவரிடம் மாணவராக அமர்ந்தனர். சுமை தூக்கி வந்தவர் ஆசான் ஆனார்.

அன்புள்ள மாணவர்களே! இந்நிகழ்ச்சியை நம் மலைகளோடு பொருத்திப் பாருங்கள். நான் ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில், மலையூர்களிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். இருபது மரங்களின் பெயரும் பயனும் அறிந்த பிள்ளை, தாவரவியல் வினாவுக்கு விடை எழுத இயலாமல் தலைகுனிந்து நிற்பான். திசை அறிய வானத்தை நோக்கும் பிள்ளை, வரைபடத்தில் வடக்கு எது என்று கேட்டால் திகைப்பான். பள்ளிக்கு வந்த பிள்ளை தன் மலையை மறக்கிறான். பள்ளிக்கு வராத பிள்ளை நூலறிவை இழக்கிறான். இவ்விரு இழப்புகளும் நேராமல் காப்பதற்கு வீரதீரக் கல்வி ஒரு பாலமாகலாம். சமவெளிப் பிள்ளைகள் மலைக்குச் செல்லும்போது, மலைப் பிள்ளைகளே வழிகாட்டிகளாக முன் நடக்கட்டும். தாம் அறிந்தது அறிவே என்பதை அன்று அவர்கள் உணர்வார்கள்.

ஆயினும், வீரம் வேறு, துடுக்கு வேறு. 2018 மார்ச் 11-ஆம் நாள் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீ பரவியபோது, நடைப்பயணம் சென்றிருந்தவருள் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மாசி, பங்குனி மாதங்களில் மலைப்புல் காய்ந்து சருகாகிவிடும். தீ சரிவில் மேல்நோக்கி விரைந்து பாயும். அதற்கு முன் மனிதன் ஓடி ஏறித் தப்புவது அரிது. மலைவாழ் முதியவர் எவரைக் கேட்டாலும் இதனைக் கூறுவார். கோடைக்கானல் காடுகள் 2013 முதல் வனவிலங்குப் புகலிடமாக விளங்குகின்றன. வனத்துறையின் அனுமதியின்றி உள்ளே செல்லலாகாது. பருவம் அறிதல், அனுமதி பெறுதல், முதலுதவி கற்றல், திரும்பும் நேரத்தைப் பிறரிடம் சொல்லிச் செல்லுதல் ஆகியவை இக்கல்வியின் முதற் பாடங்கள். அவற்றைக் கடைபிடிக்க முடியாத நாளில் திரும்பி வருதலே அறிவுடைமை.

2024-ஆம் ஆண்டு தமிழ்நாடு வனத்துறை 40 மலைவழிகளை நடைப்பயணத்திற்குத் திறந்தது. மலையை அறிந்த உள்ளூர் இளைஞர்களும் பழங்குடி இளைஞர்களும் அங்கே பயிற்சி பெற்ற வழிகாட்டிகளாக முன் செல்கின்றனர். சுமை தூக்கியவரின் பெயரர் இன்று வழி சொல்கிறார். இந்த நல்ல வழக்கம் பள்ளிகளுக்கும் பரவ வேண்டும்.

தொடங்குவதற்குப் பெரிய மலையோ பெரும்பொருளோ தேவையில்லை. திண்டுக்கல் பாறைக்கோட்டையே போதும். 1755-இல் ஐதர் அலி ஆளவந்த கோட்டை அது. ஒரு காலை வேளையில் ஆசிரியர் தம் மாணவர்களோடு படியேறட்டும். பாறைக் குழிகளில் மழைநீரைத் தேக்கி வீரர்கள் எவ்வாறு வாழ்ந்தனர் என்று அவர்களே கண்டறியட்டும். உச்சியில் நின்று சிறுமலையையும் பழனி மலைத்தொடரையும் இனங்காணட்டும். அடுத்த முறை சிறுமலைக்குச் செல்லும்போது, அவ்வூர்ப் பெரியவர் ஒருவரை வணங்கி, “ஐயா, எங்களுக்கு இந்த மலையைச் சொல்லிக் கொடுங்கள்” என்று கேட்கட்டும். அவர் முன்னே நடக்க, ஆசிரியரும் மாணவரோடு மாணவராகப் பின்னே நடக்கட்டும்.